கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வாழும் மக்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஜொகூர்ப் பெற்றோருக்கும் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கும் வழங்கப்பட்ட உரை)



பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், அரும்பொருளகங்களின் வாசலில் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி போல உள்ளே போகிறார்கள். பழைய வாள், பழைய நாணயம், பீங்கான் பானை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைகள் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிடுவார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனித உருவம் இருக்கும். இடுப்பில் மரப்பட்டைத் துணி, கையில் நீளமான ஊதுகுழல், பக்கத்தில் மூங்கில் கூடை. அதைப் பார்த்த ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும்: "அம்மா, இவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்களா?"

பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "ஆமாம்மா, அவங்கல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க. சீக்கிரம் வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பதில் சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில், இதே நாட்டில், ஏன், இதே ஜொகூர் மாநிலத்தில் இன்று உயிரோடு வாழும் ஒரு சமுதாயமே இல்லாமல் போய்விடுகிறது. பிள்ளையின் மனத்தில் அவர்கள் டைனோசருக்கும் சோழர் காலத்து வாளுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அரும்பொருளகத்தின் வழியாகச் சிறு பிள்ளைகளுக்குப் பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. இதில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது ஊதுகுழலையும் அல்ல, முகமூடியையும் அல்ல. "இருந்தார்கள்" என்பதற்குப் பதிலாக "இருக்கிறார்கள்" என்று சொல்லப் பழக்குவதுதான் முதல் பாடம்.

அடுத்த வீட்டுக்காரர்கள்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களை ஓராங் அஸ்லி என்கிறோம். ஆதி மக்கள் என்பது அதன் பொருள். அரசாங்கம் அவர்களை 18 இனப் பிரிவுகளாகப் பிரித்து, நெகிரிட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்ற மூன்று பெரும் பிரிவுகளில் வைத்திருக்கிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மொழி, தனிக் கதைகள், தனி வாழ்க்கை முறை உண்டு. எல்லாரையும் ஒரே உருவமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துவது, தமிழரையும் பஞ்சாபியரையும் வங்காளியரையும் சேர்த்து "இந்தியர்" என்று ஒரே பொம்மையாகச் செய்து வைப்பதற்குச் சமம்.

ஜொகூரில் வாழ்பவர்கள் முக்கியமாக நான்கு பிரிவினர். எண்டாவ், மெர்சிங், குளுவாங், கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களில் ஜக்குன் மக்கள் இருக்கிறார்கள். கோத்தா திங்கி மாவட்டத்தில், சில நூறு பேர்கூட இல்லாத ஓராங் கனாக் மக்கள் இருக்கிறார்கள். பத்து பகாட், பொந்தியான் கடற்கரையில் மீன்பிடித்து வாழும் ஓராங் குவாலா மக்கள் இருக்கிறார்கள். ஜொகூர் பாருவைச் சுற்றிய கரையோரத்தில் ஓராங் செலேத்தார் மக்கள் இருக்கிறார்கள்.

இந்தச் செலேத்தார் மக்களின் கதையை ஜொகூர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கடலையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். படகின் மேல் ஓலையால் முடைந்த கூரை போட்டு, ஒரு குடும்பமே அதில் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வளர்த்தது. அலையாத்திக் காட்டின் நண்டும் மீனும் அவர்களின் உணவு. ஜொகூர் நீரிணைக்கு இக்கரை, அக்கரை என்ற வேறுபாடே அவர்களுக்கு இருந்ததில்லை.

1924இல் ஜொகூர் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கடலை மண்ணாலும் கல்லாலும் குறுக்கே அடைத்துப் போட்ட பாதை அது. ரயிலுக்கும் வண்டிக்கும் வழி கிடைத்தது. நீரிணை இரண்டு துண்டானது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது இக்கரை ஒரு நாடு, அக்கரை இன்னொரு நாடு என்றாயிற்று. சிங்கப்பூர்க் கரையோரம் வாழ்ந்த செலேத்தார் குடும்பங்கள் பலவும் நாளடைவில் ஜொகூர்ப் பக்கம் வந்துவிட்டன. இன்று கம்போங் சுங்கை தெமோன், கம்போங் பாக்கார் பத்து, கம்போங் சிம்பாங் ஆராங் எனத் தொடங்கி 9 கிராமங்களில் அவர்கள் வாழ்கிறார்கள்.

சிங்கப்பூரில் செலேத்தார் என்ற பெயரில் விமான நிலையம் இருக்கிறது. அந்த வட்டாரமே அந்தப் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. அது ஒரு மக்களின் பெயர் என்பது அங்கே போய்வரும் எத்தனை பேருக்குத் தெரியும்? வார இறுதியில் டங்கா பே கடற்கரையில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேருக்கு, சற்றுத் தள்ளி அந்த மக்களின் கிராமம் இருப்பது தெரியும்?

பெயரில் தொடங்கும் மரியாதை

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குமுன் பெரியவர்கள் சரிசெய்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அது பெயர். "சக்காய்" என்ற சொல் நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் நீண்ட காலம் புழங்கியது. அடிமை, அண்டிப் பிழைப்பவன் என்ற பொருள் ஏறிய சொல் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏடுகளிலும் எழுதப்பட்டது. அந்த மக்களைப் புண்படுத்தும் சொல் என்பதால் 1960களில் ஓராங் அஸ்லி என்ற பெயர் நிலைபெற்றது. ஆனாலும் பிள்ளை தலை வாராமல் வந்தால் "என்னடா சக்காய் மாதிரி" என்று திட்டும் வழக்கம் முற்றாக மறையவில்லை. "காட்டான்", "காட்டு மனுஷன்" என்ற சொற்களும் அப்படியே.

இழிசொல்லின் வலி என்ன என்பதை மலேசியத் தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1971இல் வெளிவந்த 'இந்தெர்லோக்' நாவல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக்கப்பட்டபோது, அதில் இந்தியர்களைக் குறித்த சொற்களுக்கு எதிராக நம் சமுதாயம் குரல் எழுப்பியது. விவாதங்களும் ஆட்சேபங்களும் தொடர்ந்தன. 2011இல் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. "எங்கள் பிள்ளைகள் வகுப்பறையில் தலைகுனியக் கூடாது" என்பதே அப்போது எழுந்த குரலின் சாரம். நியாயமான குரல் அது. அதே நியாயம் ஜக்குன் பிள்ளைக்கும் செலேத்தார் பிள்ளைக்கும் உண்டு அல்லவா?

இது வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. ஜொகூரில் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆறாண்டுகள் படித்து முடிக்கும் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. குளுவாங்கிலோ மெர்சிங்கிலோ கோத்தா திங்கியிலோ அந்த வகுப்பறையில் பக்கத்து நாற்காலியில் ஓர் ஓராங் அஸ்லி பிள்ளை உட்காரக்கூடும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை அது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் நிலையும் அதுவேதான். இருவரும் நண்பர்களாவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. "சக்காய்" என்ற ஒரு சொல் அவை அனைத்தையும் கெடுத்துவிடும். பூர்வகுடிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிடுவது இந்நாட்டின் பெரிய கவலைகளில் ஒன்று. வறுமை, தூரம், போக்குவரத்து என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. சக மாணவர்களின் கேலியும் அவற்றில் ஒன்று. வறுமையை ஒழிப்பது நம் கையில் மட்டும் இல்லை. கேலியை ஒழிப்பது நம் வீட்டிலேயே தொடங்கலாம்.

அரும்பொருளகத்தில் என்ன இருக்கிறது?

2014 முதல் தொடக்கப்பள்ளியில் வரலாறு ஒரு தனிப் பாடமாக நான்காம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் பிறரைப் பற்றிய எண்ணங்கள் பத்து வயது வரை காத்திருப்பதில்லை. நான்கு, ஐந்து வயதிலேயே பிள்ளை மனிதர்களைத் தரம் பிரித்துப் பார்க்கப் பழகிவிடுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஆகவே அந்த இடைவெளியை நிரப்ப அரும்பொருளகம் நல்ல இடம். படிக்கத் தெரியாத பிள்ளையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் அது.

கோலாலம்பூரில் 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தின் வளாகத்திலேயே ஓராங் அஸ்லி கைவினைப் பொருள்களுக்கென ஒரு தனி அரும்பொருளகம் இருக்கிறது. சிலாங்கூரில், பழைய கோம்பாக் சாலையில், 1987இல் தொடங்கப்பட்ட ஓராங் அஸ்லி அரும்பொருளகம் இருக்கிறது. கேரித் தீவின் மா மெரி மக்கள் செதுக்கிய முகமூடிகள், பகாங்கின் ஜா ஹூட் மக்கள் செதுக்கிய மரச் சிற்பங்கள், ஊதுகுழல்கள், மீன் பொறிகள், கூடைகள், இசைக்கருவிகள் ஆகியவற்றை இங்கெல்லாம் பார்க்கலாம். புறப்படுமுன் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. ஜொகூர் பாருவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம்; பிள்ளைகளோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

பொருள்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பொருள் பேசாது. பக்கத்தில் நிற்கும் பெரியவர்தான் பேச வேண்டும். அவர் என்ன பேசுகிறார் என்பதைப் பொறுத்தே பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதும் அமைகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் சிறுவர்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. 1962இல் மைக்கேல் ஸ்போக் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற பின், பிள்ளைகள் தொட்டும் இயக்கியும் கற்றுக்கொள்ளும் முறை அங்கே வளர்ந்தது. பொருள்களைப் பெட்டியில் அடுக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டமும் வந்தது. பூர்வகுடி மக்களைப் பற்றிய பெட்டியும் அதில் ஒன்று. பிள்ளைகள் ஆசையோடு தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் அது பழங்கால வாழ்க்கையைத்தான் காட்டியது. 1970களில் அந்த வட்டாரத்துப் பூர்வகுடியினரே ஆலோசகர்களாக உள்ளே வந்தார்கள். காட்சியின் போக்கு மாறியது. பழைய குடிசைக்குப் பக்கத்தில் இன்றைய வீடும் இடம்பெற்றது. அந்தக் காட்சிக்கு அவர்கள் வைத்த பெயர், "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்பது.

2004 செப்டம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கப் பூர்வகுடியினருக்கான தேசிய அரும்பொருளகம் திறக்கப்பட்டது. திட்டமிடும் காலத்திலிருந்தே பூர்வகுடி மக்களைக் கலந்து பேசி உருவாக்கப்பட்டது அது. அங்கே பிள்ளைகளுக்கென ஒரு தனிப் பகுதி உண்டு. பெரிய கூடை ஒன்றைத் தாங்களே பின்னிப் பார்க்கலாம். ஆட்டம் காணும் படகில் உட்கார்ந்து சமநிலையைச் சோதித்துப் பார்க்கலாம். "பாவம், இவர்களுக்கு வசதி இல்லை" என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. "அடேயப்பா, எவ்வளவு கெட்டிக்காரர்கள்" என்ற எண்ணத்தோடுதான் பிள்ளை வெளியே வருகிறது.

ஒரு பொருள், நான்கு கேள்வி

இனி, செய்முறைக்கு வருவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் அரும்பொருளகம் முழுவதையும் காட்ட முயல்வது, ஒரே வேளையில் ஒரு வாரச் சாப்பாட்டை ஊட்டுவது போல. ஒரு முறைக்கு ஒரு பொருள் போதும். அந்தப் பொருளின் முன்னால் பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எதனால் செய்தது? இது எப்படி வேலை செய்கிறது? இதை யார் செய்தார்கள்? அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நான்காவது கேள்விதான் உயிர். அதை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வெறும் பொது அறிவு.

சும்பிட் எனப்படும் ஊதுகுழலை எடுத்துக்கொள்வோம். பெயரைச் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். உள்ளே கணுவின் தடை இல்லாமல் நீளமாக வளரும் மூங்கில் வகை ஒன்று இருக்கிறது. காட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் வைக்கும் அம்பு ஈர்க்குச்சி போல மெல்லியது. அம்பின் பின்முனையில் மிருதுவான தக்கை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஏன்? ஊதும் காற்று பக்கவாட்டில் கசிந்து வீணாகாமல் முழுவதும் அம்பைத் தள்ள வேண்டும் என்பதற்காக. அம்பின் நுனியில் ஈப்போ மரத்துப் பாலைத் தடவுவார்கள். பேராக் மாநிலத்தின் தலைநகருக்குப் பெயர் தந்த மரமே அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் உறிஞ்சுகுழாயும் காகித உருண்டையும் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். உருண்டை தளர்வாக இருந்தால் தூரம் போகாது. சரியாகப் பொருந்தினால் பாய்ந்து போகும். காற்றழுத்தம் பற்றிய அறிவியல் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பாடநூல் இல்லாமல், ஆய்வுக்கூடம் இல்லாமல் இதைக் கண்டறிந்த மனிதர்களை அந்தப் பிள்ளை இனிமேல் "காட்டான்" என்று சொல்லுமா?

செலேத்தார் மக்களின் படகுக் கூரையை எடுத்துக்கொள்வோம். ஓலையைத் தைத்து முடைந்த அந்தப் பாயைக் 'காஜாங்' என்பார்கள். சுருட்டி வைக்கலாம், விரித்துப் போடலாம், மழையும் வெயிலும் இறங்காது. தோட்டத்து லயத்தில் அத்தாப்புக் கூரையின் கீழ் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். ஓலை முடையும் கையின் கணக்கு அவர்களுக்குத் தெரியும். நிறக் காகிதத்தை வார்களாக நறுக்கிக் கொடுத்தால் பிள்ளை தானே ஒரு சிறு பாய் பின்னிவிடும். பின்னி முடித்த பிறகு கேளுங்கள்: "இந்தப் படகில் இருந்தவங்க இப்போ எங்கே?" பிள்ளை ஜொகூர் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டட்டும்.

இன்னொரு கேள்வியையும் பிள்ளை கேட்கும். "ஏன் இப்போ படகில் இல்லை?" இந்த இடத்தில் பெரியவர்கள் மழுப்பக் கூடாது. அரசாங்கம் கரையில் வீடு கட்டிக் கொடுத்ததையும் சொல்லலாம். கடலில் மண் கொட்டி நிலமாக்கியதையும் சொல்ல வேண்டும். அலையாத்திக் காடு குறைந்ததையும் சொல்ல வேண்டும். டங்கா பே வட்டாரத்திலும், 2014 முதல் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காக தஞ்சோங் குப்பாங் கரையோரத்திலும் கடல் நிலமானது. கடல் நிலமானால் நண்டு எங்கே போகும், மீன் எங்கே போகும் என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். நாம் உலாவும் கரை இன்னொருவரின் அடுப்படியாக இருந்தது என்று தெரிந்துகொள்வது பிள்ளைக்குப் பாரமல்ல. அது பொறுப்பு.

செய்யக் கூடாதவை

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் சில தவறுகளும் இருக்கின்றன.

முதலாவது, மாறுவேடப் போட்டி. பாலர் பள்ளியில் பிள்ளையின் முகத்தில் கரியைப் பூசி, இலையைக் கட்டி, கையில் குச்சியைக் கொடுத்து "ஓராங் அஸ்லி" என்று மேடையேற்றுவது. எல்லாரும் சிரிக்கிறார்கள், பரிசும் கிடைக்கிறது. மா மெரி மக்களின் முகமூடி அவர்களின் மூதாதையரின் கதையைச் சுமப்பது. 'ஹரி மோயாங்' எனப்படும் மூதாதையர் நாளில் பக்தியோடு ஆடும்போது அணிவது. நம் காவடியை யாரோ ஒருவர் விளையாட்டுக்குத் தோளில் போட்டு ஆடினால், வேல் குத்துவதைப் போல நடித்துச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த உணர்வைக் கொண்டு இதையும் அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது, பரிதாபம். "பாவம், படிப்பில்லை, கரண்டில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு இரக்கம் வரும், மரியாதை வராது. தமிழ்நாட்டில் பாம்புகளை அறிந்த இருளர் மக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 2017இல் அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கல்லூரிப் பட்டம் தராத அறிவு அது. ஜக்குன் வழிகாட்டி ஒருவர் காட்டில் தடம் பார்த்து விலங்கை அறிவதும் அத்தகைய அறிவுதான்.

மூன்றாவது, கேட்காமல் படம் எடுப்பது. கிராமத்துக்குப் போய்த் தெரியாத பிள்ளைகளைக் கைப்பேசியில் படம் எடுப்பது, மிட்டாயை வீசுவது, வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது. அரும்பொருளகத்தில் பொருளைப் பார்க்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்; அவர்கள் வீட்டுக்கு நாம் விருந்தாளிகள். விருந்தாளிக்கு என்ன அடக்கம் வேண்டுமோ அது வேண்டும்.

ஜொகூரிலேயே தொடங்கலாம்

கோலாலம்பூர் வரை போக எல்லாருக்கும் வசதி இருக்காது. அதற்காக இந்தப் பாடத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கம்போங் சுங்கை தெமோனில் செலேத்தார் மக்கள் தங்கள் பண்பாட்டைச் சொல்வதற்கென ஒரு மையத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். முன்கூட்டியே தொடர்புகொண்டு, அவர்களுக்கு வசதியான நேரத்தில், சிறு குழுவாகப் போகலாம். அங்கே கதை சொல்பவரும் அவர்களே, காட்டுபவரும் அவர்களே.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா இருக்கிறது. காஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் போனால் ஜக்குன் மக்களின் கம்போங் பெத்தா வரும். பூங்காவில் வழிகாட்டிகளாக இருப்பவர்கள் அந்தக் கிராமத்துக்காரர்கள். எந்தச் செடி மருந்து, எந்தக் கொடியில் தண்ணீர், பொறி எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் சொல்லும்போது காடே அரும்பொருளகமாகிவிடும். அங்கே கண்ணாடி இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இன்னொன்றும் செய்யலாம். ஐக்கிய நாட்டு நிறுவனம் ஆகஸ்டு 9ஆம் நாளை உலகப் பூர்வகுடி மக்கள் நாளாக 1994இல் அறிவித்தது. அந்த வாரத்தில் ஓராங் அஸ்லி கைவினைஞர் ஒருவரையோ கதைசொல்லி ஒருவரையோ பள்ளிக்கு அழைக்கலாம். அழைத்தால் பயணச் செலவும் தக்க சன்மானமும் கொடுக்க வேண்டும். மேடையில் பேச வரும் பேச்சாளருக்கு மாலை போட்டுப் பணம் கொடுக்கிறோம். கூடை பின்னிக் காட்ட வருபவரும் பேச்சாளரே. அவரை முன் வரிசையில் உட்கார வைப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு பாடமே தேவையில்லை.

"நம் மொழிக்கே ஆபத்தா?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். "நம் பிள்ளைகள் தமிழையே மறந்துகொண்டிருக்கிறார்கள். நம் பண்பாட்டைச் சொல்லிக்கொடுக்கவே நேரமில்லை. இதில் மற்றவர் பண்பாடு எதற்கு?" நியாயமான கவலைதான். ஆனால் இரண்டும் எதிரெதிரானவை அல்ல.

செலேத்தார் மொழியைப் பேசுவோர் மிகச் சிலர். பள்ளியில் அந்த மொழி இல்லை, கடைத்தெருவில் இல்லை, தொலைக்காட்சியில் இல்லை. பாட்டி பேசுவது பேரனுக்குப் பாதிதான் விளங்குகிறது என்ற நிலை எப்படி இருக்கும் என்று தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அது யோசிக்கும். "நம்ம வீட்டிலும் அப்படித்தானே" என்று சொல்லும். இன்னொருவரின் மொழி போவதைக் கண்டு வருந்தத் தெரிந்த பிள்ளைதான் தன் மொழியை இறுகப் பற்றிக்கொள்ளும்.

அதோடு, நம்மவர் வாழ்வும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. வெட்டுக்கத்தி, மங்கு, பால் வாளி, அதிகாலைப் பெரட்டு ஆகியவற்றை இன்றைய பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். நாளை ஏதோ ஓர் அரும்பொருளகத்தில் தலையில் துணி கட்டி, கையில் வெட்டுக்கத்தியோடு ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவம் நிற்கலாம். அதைப் பார்த்து வேறோர் இனத்துப் பிள்ளை, "இவங்கல்லாம் இப்போ இல்லையா?" என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நாம் விரும்புவோம்? "அது அவர்கள் செய்த ஒரு வேலை. எவ்வளவு திறமை வேண்டும் தெரியுமா? அவர்களின் பேரப்பிள்ளைகள் உன் வகுப்பிலேயே இருக்கிறார்கள்" என்றுதானே விரும்புவோம்?

அந்தப் பதிலை நமக்காக எதிர்பார்க்கும் உரிமை, மற்றவர்களுக்கும் அதே பதிலைச் சொல்லும்போதுதான் முழுமையாகிறது.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரே ஒரு பொருளின் முன்னால் உட்காருங்கள். நான்கு கேள்விகளையும் கேளுங்கள். திரும்பி வரும் வழியில் ஜக்குன், செலேத்தார், கனாக், குவாலா என்ற நான்கு பெயர்களையும் பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள். எட்டு ஆண்டுகள் கழித்து இடைநிலைப் பள்ளியின் முதல் நாளில், பக்கத்து நாற்காலியில் ஒரு புதிய முகம் வந்து உட்காரும்போது, அந்தப் பிள்ளையிடம் உங்கள் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "உன் பேர் என்ன? உன் ஊர் எது?" என்பதாக இருக்கட்டும்.